நீலக் கார் கட்சி

நீலக் கார் அன்றைக்கும் தனியாகவே போய்க்கொண்டிருந்தது. பின்னால் வருகிற காரைக் காட்டுவதற்குக் கமெராக்காரருக்கே அலுப்பு வந்துவிட்டது போலிருந்தது. நிலாம் ரிமோட்டைக் கதிரையின் கையில் தட்டினார்.

“இது ரேஸா அண்ணன்? ஊர்வலம். பெரஹெராவிலகூட ஒரு ஆனை முந்தும், ஒரு ஆனை பிந்தும்.”

பக்கத்துக் கதிரையில் வரதராசா முன்னுக்குச் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

“வேகமா ஓடத் தெரிஞ்சவனை மெதுவா ஓடு எண்டு சொல்லேலுமே? நல்லாப் பாரும். ஒவ்வொரு வளைவிலயும் அதே கோடு. மயிரிழை பிசகேல்லை.”

“அதத்தான் நானும் செல்றன். பிசகாத ஒண்ட எவ்வளவு நேரம் பாக்குற?”

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அந்தத் தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். நிலாம் காலி வீதியில் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். வரதராசா காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வரதராசா கதவைத் தட்டினார். உள்ளே போர்முலா வன் ஓடிக்கொண்டிருந்தது. “அந்த முன்னுக்குப் போறது ஆர்?” என்று கேட்டவர், பந்தயம் முடியும்வரை போகவில்லை. அன்றிலிருந்து அவர் நீலக் கார் கட்சி. நிலாம் பிறந்ததிலிருந்தே சிவப்பு என்று சொல்லிக்கொள்பவர். சிவப்புக் கார் கடைசியாக எப்போது வென்றது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.

அன்று சிவப்புக் கார் ஐந்தாவதிலிருந்து ஏழாவதுக்கு இறங்கியது. நிலாமுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“அண்ணன், ஒரு கத செல்லவா? ஜெயிக்கிற பக்கத்தில போய் நிக்கிறது லேசு. பின்னால எட்டுப் பேர் உசிரக் குடுத்து அடிபடுறான். முன்னுக்குப் போற அந்த ஒரு காரத் தவிர வேற எதையாவது நீங்க பாக்குறீங்களா?”

வரதராசா திரும்பிப் பார்த்தார். எழுந்தபோது பக்கத்து ஸ்டூலில் இருந்த தேநீர்க் கோப்பை அவர் கை பட்டு விழுந்து உடைந்தது. அதைக் குனிந்துகூடப் பார்க்காமல், கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து ஹபீலா வந்தாள். கணவனைப் பார்த்தாள், உடைந்த கோப்பையைப் பார்த்தாள்.

“கோப்பைய உடச்சிட்டுப் போற அளவுக்கு என்னத்தச் செல்லி வெச்சீங்க அந்த மனுசனுக்கு?”

“கார்க் கததான்.”

“கார்க் கதைக்கு யாரும் கோப்ப உடைக்க மாட்டாங்க.”

அடுத்த நாள் காலை லிஃப்ட் வாசலில் வரதராசா நின்றார். நிலாம் பக்கவாட்டில் வந்து நின்று பெரிதாகச் சிரித்தார். கையையும் உயர்த்தினார். வரதராசா நேராகப் பார்த்தபடி லிஃப்டுக்குள் ஏறிப் போய்விட்டார். உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நிலாம் தலையைச் சொறிந்துகொண்டார்.

நேரே பேச முகமில்லை. எழுதிவிடலாம் என்று நினைத்தார். கடையில் வாடிக்கையாளரைக் காக்கவைத்துவிட்டு ஃபோனில் எழுத்து எழுத்தாகத் தட்டினார். ‘அண்ணன், நான் செல்லினது பிழ. நீலக் கார் ஜெயிக்கிறது அநியாயமில்ல. ஞாயிற்றுக்கிழம வாங்க. ஒங்கட கதிர சும்மா கெடக்கு.’ இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்பினார்.

அது வரதராசாவுக்குப் போகவில்லை. தொடர்மாடிக்காரர் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

முதலில் பதில் போட்டவர் இரண்டாம் மாடி ஐறீன். ‘எந்த நீலக் கார்? என்ட பார்க்கிங்கில ஒரு நீலக் கார் நிக்குது. அதுவோ?’ அடுத்தது ஆறாம் மாடி ஷிஹான். கணினிக் கம்பனி ஒன்றில் வேலை செய்யும் பொடியன். அவனும் பந்தயப் பைத்தியம். ‘அது ரேஸ் கார் அன்டி. ஒரே ஆள் ஜெயிக்கிறத யார் பாக்குற? அந்தக் காருக்குப் பாரம் கட்டி ஓட விடணும்.’ மூன்றாம் மாடி ஜனா விடவில்லை. ‘வகுப்பில முதலாம் பிள்ளைக்கும் பாரம் கட்டுவீரோ? மற்றவன் நல்ல காரைச் செய்யட்டும்.’ மத்தியானத்துக்குள் தொடர்மாடி இரண்டாகப் பிரிந்தது. லிஃப்ட் பழுதாகிக் கிடந்தபோதுகூட அந்தக் குழுவில் இவ்வளவு பேர் பேசியதில்லை. வரதராசா மட்டும் ஒரு சொல் எழுதவில்லை.

மாலையில் வரதராசாவே வந்து நிலாமின் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை.

“நிலாம், படியில போறவன் வாறவன் எல்லாம் ‘அங்கிள், நீங்கள்தான் சரி’ எண்டு சொல்லுறாங்கள். எனக்கும் உமக்கும் இடையில நடந்தது ஊருக்கு ஏன்?”

“அண்ணன், அது கை தவறி...”

“சரி, விடும்.”

அந்த ‘விடும்’ நிலாமுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்.

வார்த்தையால் கெட்டதைச் செய்கையால் திருத்துவோம் என்று, மறுநாள் புறக்கோட்டைக்குத் துணி எடுக்கப் போனபோது நடைபாதைக் கடையில் நீலத் தொப்பி ஒன்று வாங்கினார். பிறவிச் சிவப்பு ஒருவன் நீலத் தொப்பி போடுவதைவிடப் பெரிய சரணாகதி உலகத்தில் இல்லை என்பது அவர் எண்ணம். பின்னேரம் வரதராசா கடற்கரையில் நடந்துவிட்டு வரும் நேரம் பார்த்து, தொப்பியுடன் நாலாம் மாடி நடையில் நின்றார். ஒன்றும் பேசக்கூடாது, அவரே பார்த்துச் சிரிக்கட்டும் என்று ஏற்பாடு.

அன்று லிஃப்ட் மறுபடி பழுது. வரதராசா படியேறி மூச்சு வாங்க வந்தார். தொப்பியைப் பார்த்தார். நின்றார்.

“மல்லி, லிஃப்ட் எக்க தாம வெட நெத்த?”

லிஃப்ட் இன்னும் வேலை செய்யவில்லையா என்று, கீழ்த்தளத்துக் காவலாளியிடம் கேட்பதுபோலச் சிங்களத்தில் கேட்டார். வரதராசா சற்று நேரம் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

“என்ன வாச்சராக்கிட்டார்,” என்று நிலாம் ஹபீலாவிடம் வந்து சொன்னார். “எவ்வளவு ஆழமா அடிச்சார் பாத்தியா. ஒரு சொல் ஏசல்ல.”

“தொப்பியக் கழட்டுங்க முதல்ல. வாச்சர் மாதிரித்தான் ஈக்கி.”

அந்த ஞாயிறு நிலாம் தனியே பார்த்தார். நீலக் கார் வழக்கம்போல் வென்றது. ஆனால் சிவப்புக் கார் எங்கிருந்தோ வந்து மூன்றாமிடம் பிடித்தது. நிலாம் துள்ளி எழுந்து பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். அதில் ஹபீலா மடித்து வைத்த துணிகள் இருந்தன. வரதராசா இருந்திருந்தால், “மூண்டாமிடத்துக்கு இவ்வளவு கூத்தோ?” என்றிருப்பார். அந்தக் கேள்விக்குச் சொல்லப் பதில்கூடத் தயாராக இருந்தது. தோற்கிற கட்சிக்காரனுக்குப் பக்கத்தில் வெல்கிற கட்சிக்காரன் ஒருவன் இருந்தால்தான் தோல்வியும் சப்பென்று போகாது. இத்தனை வருடம் அலுப்பு என்று தான் திட்டியது காரை. அலுக்காமல் பார்த்துக்கொண்டது அந்த மனிதர். இது விளங்கியபோது டிவியில் வெற்றிக் கிண்ணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நிலாம் அதை நிறுத்திவிட்டார்.

இந்த முறை பெரிதாகவே செய்வோம் என்று முடிவெடுத்தார். கீழ்த்தள மண்டபத்தில் பெரிய திரை, தொடர்மாடிக்காரர் எல்லோருக்கும் அழைப்பு, முன்வரிசை நடுக்கதிரை வரதராசாவுக்கு. நீலக் கார் வென்றதும் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கைதட்டுவது என்று தீர்மானம். அழைக்கப் போனபோது வரதராசாவின் மனைவி சரோஜினிதேவிதான் கதவைத் திறந்தார். அதிகம் பேசாத பெண்.

“கூட்டமாப் பாக்கிறதோ?” என்று தயங்கினார். “முந்தி மாதிரி நீங்கள் ரெண்டுபேரும் உங்கட வீட்டில இருந்து பாத்தால் போதாதே?”

“இல்லக்கா. நாலு பேருக்கு முன்னால நடந்த பிழைய நாலு பேருக்கு முன்னாலதான் சரிக்கட்டணும்.”

“நான் சொல்லிப் பாக்கிறன்,” என்றார்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. ஹபீலா கட்லட் சுட்டிருந்தாள். ஐறீன், நீலக் கார் எது என்று இன்றைக்காவது தெரிந்துகொள்ள வந்திருந்தார். ஷிஹான் பக்கம் ஒரு கூட்டம், ஜனா பக்கம் ஒரு கூட்டம். சரோஜினிதேவியின் கையைப் பிடித்தபடி வரதராசா வந்து நடுக்கதிரையில் உட்கார்ந்தார். புதிதாக இஸ்திரி போட்ட சட்டை. நிலாமின் பக்கம் திரும்பி, “இண்டைக்கும் ஊர்வலந்தான், ஆயத்தமோ?” என்றார். நிலாமுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரையில் தொடக்க விளக்குகள் அணைந்தன. கார்கள் கிளம்பின. முதல் வளைவில் யாரோ பின்னால் இடித்ததில் நீலக் கார் சுழன்று மணலில் இறங்கி நின்றுவிட்டது.

மண்டபம் கூரை கிழியக் கத்தியது. அதற்குப் பிறகு ஓடியதுதான் பந்தயம். முன்னுக்கு ஆறு கார்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஓடின. ஒரு சுற்றில் முதலாவது வந்தது மறு சுற்றில் நாலாவது. கட்சி பார்க்காமல் ஷிஹானும் ஜனாவும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஐறீன் கட்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்தார். பொடியன் வயதிலிருந்து நிலாம் பார்க்க ஆசைப்பட்ட பந்தயம் அது. சிவப்புக் கார்கூட முதலிடத்துக்கு வந்தது. அதை அவர் ஓரக்கண்ணால்தான் பார்த்தார். மற்றக் கண் வரதராசாவின் மேல் இருந்தது.

வரதராசாவின் முகத்தில் ஒன்றுமில்லை. தலையை இங்கும் அங்கும் திருப்பினார். ஆட்கள் கத்தும் ஒவ்வொரு முறையும், “என்ன, என்ன நடந்தது?” என்று மனைவியிடம் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டார். பிறகு எழுந்தார். இருவரும் சுவரோரமாக வெளியே போனார்கள்.

“அங்கிள்ட கார் போச்சு, அங்கிளும் போயிட்டார்,” என்றான் ஷிஹான். எல்லோரும் சிரித்தார்கள்.

“வாய மூடுடா,” என்றார் நிலாம். அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கடைசிச் சுற்றுக்கு அவர் நிற்கவில்லை. படியில் இரண்டிரண்டாக ஏறினார். யார் வென்றார்கள் என்பது கீழிருந்து வந்த கூச்சலில் இருந்திருக்கும். அவர் காதில் விழவில்லை. நாலாம் மாடியில் வரதராசாவின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் இருட்டில் கதிரையொன்றில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சரோஜினிதேவி வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினார்.

“அக்கா, என்ன மன்னிச்சிருங்க,” என்றார் நிலாம். மூச்சு வாங்கியது. “அந்தக் கார் முதல் வளைவிலயே போகுமெண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல. அடுத்த கெழம ஜெயிக்கும். ஜெயிக்கணுமெண்டு நானே துஆக் கேக்குறன். கோபப்பட வேணாமெண்டு அண்ணனுக்குச் செல்லுங்க.”

“கோபமோ? உங்களோடயோ?” என்றார் சரோஜினிதேவி. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“உங்களிட்டச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர், நிலாம்; அவருக்குக் கண் ரெண்டும் போய்க்கொண்டிருக்குது, ஒரு கார் தனிய ஓடினால் மட்டுந்தான் அது இப்ப அவருக்குப் பிடிபடுது.”