பல்லவ ராஜா கீறாத கோடுகள்

மாமல்லபுரம்,
20-2-1974

செங்கல்பட்டு தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவரும், என் மகள் வேண்டாவின் மாமனாருமான சம்பந்தி சதாசிவம் அவர்கள் சமூகத்துக்கு, பஸ் ஸ்டாண்டு டயம் கீப்பர் தனக்கோடி கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் அமிர்தவல்லியும் உடம்புக்குச் சுகம். மானத்துக்குத்தான் சுகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில், செஸ் ஆடும் நண்பர்கள் இருவரோடு, பல்லவ ராஜா சதுரங்கம் ஆடிய பாறையைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக வாருங்கள், வஞ்சிரம் சொல்லி வைத்திருக்கிறேன். பாறைதான் இல்லை. அதாவது பாறை இருக்கிறது, ராஜாதான் இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று இன்லேண்டு லெட்டரைக் கிழித்துவிட்டு நாலாவதில் எழுதுகிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று, 'உங்களுக்குச் செஸ் வருமா?' என்று கேட்டீர்கள். வராது என்று சொல்லியிருக்கலாம். எட்டாவது பெயிலானவன் வாய் சும்மா இருக்குமா? 'அது பொறந்ததே எங்க ஊர்லதான் சார்' என்று விட்டேன். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, யானை, குதிரை, தேர், காலாள் என்று நாலு படையும் சேர்ந்த ஆட்டம் அது என்றீர்கள். நான் உடனே, 'தேர் அஞ்சு நிக்குது, பக்கத்துலயே யானை நிக்குது, வந்து பாருங்க' என்றேன். 'குதிரை எங்கய்யா?' 'கடல் கொண்டுபோச்சு சார்.' 'காலாள்?' 'நாங்கதான் சார். இன்னும் நின்னுகினுதானே கீறோம்!' நீங்கள் சிரித்த சிரிப்பில் தாம்பூலம் மாறிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷன். 'ராஜா ஆடின கட்டம்கூட கடலோரப் பாறையில கீது' என்று அதன் மேல் ஒன்று வைத்தேன். மணலுக்கு வெளியே இரண்டு கோடு தெரியும், அவ்வளவுதான். மீதியைத் தோண்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தோண்டினால் என்ன வருமோ என்று பயம்.

போன வருஷத் தீபாவளிக்கு, அதே மணலில் கிடைத்த மூன்று மண்குண்டைப் பட்டுத்துணியில் சுற்றி, 'பல்லவர் காலத்துச் சிப்பாய்' என்று உங்களுக்குக் கொடுத்தேன். நடுவில் ஏன் ஓட்டை என்று கேட்டீர்கள். ஆட்டம் முடிந்ததும் ராஜா மாலையாகக் கோத்து வைப்பார் என்றேன். அதைக் கண்ணாடி பீரோவில் வைத்திருக்கிறீர்களாம். நினைத்தாலே காது சுடுகிறது.

நேற்று, நீங்கள் வருகிறீர்களே என்று துடைப்பத்தோடு போய் மணலை ஒதுக்கினேன். கட்டம் வரவில்லை சம்பந்தி, முக்கோணம் வந்தது. நான் டவுசர் போட்ட காலத்தில் திண்ணையில் ஆடிய அதே ஆடு புலி ஆட்டம். மூணு புலி, பதினஞ்சு ஆடு. அப்படியே குந்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து வலைக்காரத் தேசப்பன் வந்தார். 'அட, டயம் கீப்பரு! எத்தினி வருசமா தேடிக்கினு கீறேன், கண்டுபுட்சி குட்த்தியே, நல்லா இருப்பபா!' என்றார். 'தேசப்பண்ணே, இது ராஜா கீறினதுதானே?' என்று கெஞ்சலாகக் கேட்டேன். 'இன்னா ராஜா? கீறுனது நானு. ஒரு வருசம் அடமழை, வலை காயல, நாலு நாளு சும்மா குந்திகினு கெடந்தேன். சிற்பி அருணகிரிகிட்ட உளி எரவலு வாங்கிக் கீறுனேன். ஆமா, இங்க என் வலையில கட்ற குண்டு மூணு வுட்டுப்போச்சு, பாத்தியா நீ?' என்றார்.

பார்க்கவில்லை என்றேன். அதுவும் பொய்.

சம்பந்தி, நாலாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டதே என்று அவளுக்கு வேண்டா என்று பேர் வைத்த பாவி நான். அவள் போட்டுக்கொண்டு போக நகையும் பெரிதாகக் கொடுக்கவில்லை. 'சதுரங்கம் பொறந்த ஊர்ப் பொண்ணு' என்று நீங்கள் நாலு பேரிடம் சொல்லும் பெருமை ஒன்றுதான் என் சீர். அதுவும் டூப்ளிகேட்டு. என்னை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அவளை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. தங்கள் வீட்டு அம்மாளுக்கு அமிர்தவல்லியின் வணக்கம். தங்களுக்கு, என் தலை தரையில்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட
தனக்கோடி

பின்குறிப்பு: ஒட்டப்போகும் நேரத்தில் வேண்டாவே சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். வாங்கிப் படித்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள். 'அந்தப் பாறையில சின்னதுல நானே தேசப்பன் மாமாகூட ஆடியிருக்கேன்பா. நீ அன்னிக்கி கதை அளந்தப்போ உள்ள நின்னு கேட்டுக்கினுதான் இருந்தேன். கல்யாணமான ரெண்டாம் மாசமே எங்க மாமனாருகிட்ட சொல்லிட்டேன்' என்கிறாள். தினம் சாயங்காலம் நீங்கள் அவளிடம் ஆடு புலியில் தோற்கிறீர்களாம், அந்த நண்பர்கள் இருவரும் தோற்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை வருவது தேசப்பனிடம் சூட்சுமம் கற்றுக்கொள்ளத்தானாம். கிழித்துவிடப் போனேன். 'அப்பா, நீ மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்ல, லெட்டரு போகட்டும்' என்று தடுத்து, அவளே ஒட்டுவதற்குப் பக்கத்தில் நிற்கிறாள். இப்போது வாசலுக்கு வந்த தேசப்பனிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். 'சம்பந்தி வர்ட்டும், ஆடலாம். குண்டு மூணையும் மறக்காம எட்தாரச் சொல்லு' என்கிறார்.