இந்த லீக்கில் கடிகாரம் நிற்காது

எதிர்வீட்டு வெர்னா சொல்வது பொய். பெண்கள் சலூனில் தலைமுடிக்குச் சுருள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாலு பேர் நம்பிவிட்டதால் அது நிஜமாகிவிடாது. ஹோய்ட் லாசிட்டர் பெற்ற மகளின் கல்யாணத்தை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்கப் போகவில்லை. அன்று காலையில் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான், அது வாஸ்தவம். வெர்னாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சம் எனக்குத் தெரியும். அடுத்த வீட்டில் இருப்பவள் நான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஹோய்ட் ஒற்றை ஆள் இல்லை, ஓர் இனம். புது லீக் ஆள் என்று பெயர். ஃபுட்பாலில், அதாவது பந்தைக் கையால் எறிந்தும் பிடித்தும் ஆடுகிற எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில், பெரிய லீக் ஒன்று இருக்கிறது, எங்கள் ஊர் பர்மிங்காமுக்கு அதில் அணி கிடையாது, இனிமேலும் கிடைக்கப்போவதில்லை. ஆகையால் சில வருஷங்களுக்கு ஒருமுறை எங்கிருந்தோ ஒரு பணக்காரர் பளபளவென்று வந்து இறங்கி, பெரிய லீக் படுத்துத் தூங்குகிற வசந்த காலத்தில் ஆடுவதற்கென்றே புது லீக் தொடங்குகிறேன், உங்கள் ஊருக்கும் ஓர் அணி உண்டு என்பார். ஊர் சிரிக்கும். ஒருத்தன் மட்டும் விடிவதற்குள் போய் டிக்கெட் வரிசையில் நிற்பான். அவன்தான்.

அவனை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? புல் வெட்டும்போது பாருங்கள். அரை சீசன் ஆடி மூச்சை விட்ட அணியின் ஜெர்சி போட்டிருப்பான். அவன் நாய்க்கு அதற்கும் முந்தி செத்துப்போன அணியின் பெயர். செத்த அணிகளின் தொப்பிகளைத் தூசு தட்டி, வரிசையாக அடுக்கி, விருந்தாளிகளுக்குக் காட்டுவான். விருந்தாளிகள் மறுபடி வரமாட்டார்கள். அவன் வாயில் எப்போதும் ஒரே பேச்சு: "இந்தத் தடவை வேற மாதிரி."

எப்படி வேறு மாதிரி? கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சொல்வான். டிவிக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பான். பயிற்சியாளர் பெரிய லீக்கில் இருந்தவர் என்பான், அங்கே உதவியாளருக்கு உதவியாளராக இருந்ததைச் சொல்லமாட்டான். பந்து எறிகிறவனைப் பெரிய லீக் மூன்று அணிகளிலிருந்து கழற்றிவிட்டிருக்கும், "வெறியோட இருக்கான், பாருங்க" என்பான். மைதானத்தில் பார்க்க ஆளே வராவிட்டால் மழை என்பான். மழையும் இல்லாவிட்டால் ஈஸ்டர். லீக்கில் ஓர் அணி பாதியில் கலைந்தால், "நல்லதுதான், நல்ல ஆளுங்க எல்லாம் மத்த டீமுக்கு வருவாங்க" என்பான். எல்லா அணியும் கலைந்தால் இரண்டு நாள் தொப்பிகளைத் தூசு தட்டுவான். மூன்றாம் நாள் வேறொரு பணக்காரரைப் பற்றி எங்கோ படித்திருப்பான்.

எதிர்வீட்டு எல்வுட், வெர்னாவின் புருஷன், இதற்காகவே வேலியோரம் வந்து நிற்பார்.

"என்ன ஹோய்ட், இந்தப் பிள்ளைக்கு எத்தனை மாசம் ஆயுசு?"

"சிரிங்க அண்ணே. ஃபைனலுக்கு டிக்கெட் வேணும்னு என் வாசல்லதான் வந்து நிப்பீங்க."

"ஃபைனல் வரைக்கும் இருந்தாத்தானே."

"நீங்க இருப்பீங்களான்னு பாருங்க முதல்ல. அந்தக் கொலஸ்ட்ராலோட."

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் என் வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்துக்கொண்டால் ஏணியோடு வருகிறவன் அவன்தான். நம்பாத ஆட்கள் யாரும் இதுவரை ஏணி எடுத்து வந்ததில்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் செப்டம்பர் தொடங்கி டிசம்பர் வரைக்கும் சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். கல்லூரி அணிகளின் ஃபுட்பால் ஆட்டம் நடக்கும். வைத்தால் மாப்பிள்ளையே வருவானா என்பது சந்தேகம், பாதிரியார் நிச்சயம் வரமாட்டார். ஆகையால் ஹோய்ட் மகள் டெல்லா யோசித்து, எந்த ஃபுட்பாலும் கிட்டே வரமுடியாத ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமையாகப் பார்த்து, மூன்று மணிக்கு மாப்பிள்ளை ஊர் சர்ச்சில் என்று வைத்தாள். சின்னச் சர்ச், உறவுக்காரர்கள் மட்டும், கூட நான். வெர்னாவுக்கு அழைப்பில்லை. அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லா மறந்தது ஒன்றுதான். அவள் அப்பன் யாரென்பதை.

பிப்ரவரியில் புது லீக் வந்தது. எங்களுக்கு பர்மிங்காம் மாஸ்டிஃப்ஸ் என்று ஓர் அணி. அட்டவணையும் வந்தது. அதே சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, உள்ளூர் ஆட்டம். பெரிய லீக் செய்யாததை, கல்லூரி செய்யாததை, மாஸ்டிஃப்ஸ் செய்துவிட்டது.

ஹோய்ட் கலங்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் சோளரொட்டியைப் பிட்டபடி விளக்கினான். நானும் அன்று அங்கேதான் சாப்பிட்டேன்.

"பந்து கீழ விழுந்தா மத்த லீக்ல கடிகாரத்த நிறுத்திடுவான், டெல்லா. இதுல நிறுத்தமாட்டான். ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டேகால் மணிக்கெல்லாம் ஆட்டம் முடிஞ்சுடும். கோட்டுசூட்டோட போறேன், அப்படியே சர்ச்சுக்கு வந்துடறேன்."

"அப்பா, சர்ச்சுக்குள்ள என் கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போகவேண்டியது நீங்க."

"நான்தாம்மா கூட்டிட்டுப் போவேன். இந்த லீக்கோட விசேஷமே அதுதான்."

அவன் மனைவி நடீன் பீன்ஸ் கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

அந்த லீக் பிழைக்குமா, செத்துவிடுமா என்று தேசம் முழுக்கப் பேசினார்கள். எங்கள் தெருவில் கேள்வி வேறு. அது சொன்ன நேரத்துக்கு ஆட்டத்தை முடிக்குமா? முடிக்காவிட்டால் டெல்லா யார் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்?

கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமையும் உள்ளூர் ஆட்டம், அதே நேரம். ஹோய்ட் வழக்கம்போல மைதானத்து வாசலில் பிக்கப் வண்டியை நிறுத்தி, பின்கதவை இறக்கி, அடுப்பு மூட்டி, விலா இறைச்சி வாட்டி, பக்கத்து வண்டிக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போனான். கடிகாரம் நிற்கவில்லைதான். ஆனால் இந்த லீக்குக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. நடுவர்கள் ஒரு முடிவு சொல்வதற்கு முன்னால் தங்களுக்குள் பேசிக்கொள்வதை மைக்கில் ஊரே கேட்கலாம். மைக் கிடைத்த நடுவர் சீக்கிரம் முடிப்பாரா? ஆட்டம் முடிந்தபோது மணி மூன்றரை.

"முதல் சீசன்ல இப்படித்தான் இருக்கும்," என்றான், வீட்டுக்கு வந்து. "அடுத்த வாரம் சரியாயிடும்."

டெல்லா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவன் ஜெயித்திருப்பான், அவனிடம் பதில் இருந்தது. அவள் பின்கட்டுக்குப் போய் நடீனின் தம்பி ராய்ஸுக்குப் போன் போட்டாள்.

"மாமா, சனிக்கிழமை நீங்களும் கோட்டு போட்டுட்டு வாங்க. சும்மாதான். எதுக்கும் இருக்கட்டும்னு."

அழுது சொல்லவில்லை. மளிகைக்கடையில் பால் சொல்லுகிற மாதிரி சொன்னாள். சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஹோய்ட் காதில் விழுந்தது. டம்ளரை அவன் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தான் என்று நடீன் சொன்னாள். தன்னை இப்படி யாரும் நம்பாமல் விட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. லீக்கை நம்பாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறான்.

சனிக்கிழமை வந்தது. வெர்னா தங்கையைப் பார்க்க டஸ்கலூசாவுக்குக் காரை எடுத்தாள். அந்தச் சமயத்தில் ஹோய்ட் வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். சாம்பல் நிறக் கோட்டு, மார்பில் பூ, கையில் இரண்டு டிக்கெட். பின்னால் கதவருகே டெல்லா, பாதி அலங்காரத்தோடு. வெர்னா காரின் கண்ணாடியில் இதைப் பார்த்தாள், தெருமுனை திரும்பினாள், போய்விட்டாள்.

ஹோய்ட் பிக்கப்பைத் தாண்டி நடந்தான். தெருவைக் கடந்து எல்வுட் வீட்டு கராஜுக்குப் போனான்.

"அண்ணே, போயிட்டு வாங்க. எத்தன மணிக்கு முடியுதுன்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"நானா? அந்தக் குப்பையவா?" என்றார் எல்வுட், டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தபடி.

ஆகவே வெர்னா, அன்று உன் வீட்டுக்காரர் உன்னிடம் சொன்னபடி மீன் பிடிக்கப் போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கோட்டுக்கு உள்ளே அவர் எந்த அணி ஜெர்சி போட்டுக்கொண்டு வருகிறார் என்று துவைக்கிற நீதான் சொல்லவேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவும் மகளும் கை கோத்து நடந்தார்களா, ராய்ஸ் கோட்டோடு வெறுமனே உட்கார்ந்திருந்தானா, நடீன் அழுதாளா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. ஆட்டம் எத்தனை மணிக்கு முடிந்தது என்றுதானே வாயைத் திறக்கப்போகிறீர்கள்?