மூக்கு அண்ணாத்தையும் அடிபிடித்த விஸ்கியும்

மாமல்லபுரத்துச் சிலைகள் பலவற்றுக்கு மூக்கு உடைந்திருக்கும். அந்த மூக்கையெல்லாம் சேர்த்து ஒரே ஆளுக்கு ஒட்டியது போல இருந்தவர் எங்கள் மூக்கு அண்ணாத்த. கடற்கரை விடுதியில் அவர் சமையல்காரர், நான் சர்வர். கூடை மீனை மோந்து பார்த்து, "நேத்து புடிச்சது, சதுரங்கப்பட்டினம் பக்கம்" என்பார்.

"ஏன்யா, மீனே வந்து சொல்லிச்சா?" என்று திட்டிக்கொண்டே மீன்காரம்மா விலையைக் குறைப்பாள்.

எழுபதுகளில், மதுவிலக்கு மறுபடி வந்த சமயம். விடுதியில் தங்கிவிட்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் பாதி பாட்டில் ஸ்காட்ச் விஸ்கியை அண்ணாத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மூடி ஊற்றி நாக்கில் வைத்ததும் அண்ணாத்த முகம் கோணியது.

"அடிபுடிச்சிகீதுடா! காய்ச்சுனவன் அடுப்பப் பாக்காம தூங்கிட்டான், பாவம்."

அந்தப் புகை வாசனைக்காகவே அப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று சொன்னேன். நம்பவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு இன்னொரு மூடி குடித்துவிட்டு, "தூங்குனாலும் கைகாரன்தான்டா" என்றார்.

பிறகு ஞாயிறுக்கு ஒரு மூடி, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. பாட்டில் அரிசி டிரம்முக்குள் புதைந்திருக்கும். போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் டிரம் மேல் ஏறி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்.

பிள்ளைகளே, குடி நல்லதென்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை. இது வேறு விஷயம்.

அந்த வருஷ மழையில் அவருக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்து வந்து வைத்த குழம்பில் உப்பே இல்லை. மறுநாள் வாயில் வைக்க முடியாத உப்பு. "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா வேற ஆள் பாத்துக்குவேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அண்ணாத்தைக்குப் பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. அந்த அடுப்புதான் எல்லாம்.

அன்றைக்குக் கிழமை பார்க்காமல் பாட்டிலை எடுத்தார். மோந்தார். குடித்தார். திரும்ப மோந்தார்.

"எரியுது, ஆனா புகையே இல்லடா." என்னையே பார்த்தார். "டேய், நீ குடிச்சிட்டு தண்ணி எதுனா ஊத்தி வச்சியா?"

நான் பாட்டிலை வாங்கி மோந்தேன். புகை குபீரென்று மூக்கில் ஏறிக் கண் கலங்கியது.

"ஆமா அண்ணாத்த. நான்தான்."

பளாரென்று ஒரு அறை. அடுத்த நொடி ஒரே சிரிப்பு. "என் மூக்கையே ஏமாத்தப் பாத்தியா? திருட்டுப்பயலே!" மீன்காரம்மாவிடம் ஓடிப்போய்ப் பெருமையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் முதுகைத் திருப்பும்போதெல்லாம் குழம்பை நான் ருசி பார்த்துச் சரிசெய்தேன். அவர் இருந்தவரை அந்தக் குழம்பை யாரும் குறை சொன்னதில்லை. "திருட்டுப்பயலே, சாப்ட வாடா" என்றுதான் தினமும் எனக்குச் சோறு போடுவார்.

இப்போது என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை.