வாய் திறக்காதவரின் உச்சரிப்பு

முகத்தைப் பார்த்தே குரலைக் கேட்டுவிடும் காது எனக்கு இருந்தது. (எந்த டாக்டரிடமும் காட்டவில்லை.)

படாளம் பக்கம் ஒரு கல்லூரி, இயற்பியல் இரண்டாமாண்டு, வகுப்புப் பிரதிநிதி நான். அந்தத் திங்கட்கிழமை வராந்தாவில் புது ஆசிரியை நடந்துபோனார். மணிப்பூர்க்காரர், தோய்பி மேடம்.

"மச்சான், சைனா மாரி கீறாங்கடா. இவங்க பேசறது நமக்கு இன்னா புரியும்?" என்றான் சேகர்.

நியாயம்தானே! பதினோரு பேர் அப்படியே மாமல்லபுரம் பஸ் ஏறினோம். வாரம் முழுக்கக் கடல்தான் பாடம் நடத்தியது, அலை அலையாக, சலிக்காமல். (தேர்வில் ஒரு கேள்விகூட வரவில்லை.)

வெள்ளிக்கிழமை, புது மேடத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னார் பிரின்சிபால். விடுவேனா? 'அன்னாரின் உச்சரிப்பு மூங்கில் காட்டில் சிக்கிய காற்று. ஒரு சொல்லும் புரியவில்லை.' கீழே பதினோரு கையெழுத்து. அன்றே எனக்குக் கவிதை நோய் முற்றியிருந்தது.

சனிக்கிழமை என்னையும் சேகரையும் கூப்பிட்டார்கள். மேசையில் மேடத்தை வேலையிலிருந்து அனுப்பும் கடிதம், கையொப்பத்துக்குக் காத்திருந்தது. எதிரே மேடம், கழுத்தில் கம்பளித் துணி. பிரின்சிபால் என் புகாரை விளக்கக் கேட்டவர், ஒரு தாளில் எழுதி நீட்டினார். பிரின்சிபால் உரக்கப் படித்தார்: "தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை. வாரம் முழுக்கக் கரும்பலகையில் எழுதித்தான் நடத்தினேன்."

"இன்னாப்பா இது?" என்றார் பிரின்சிபால்.

"அவங்க கையெழுத்து புரியலன்னு சொல்லிட்றா," சேகர் என் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்தான்.

சொல்லவும் வாயெடுத்தேன். அந்தத் தாள் கண்ணில் பட்டது. அச்சுக் கோத்தது போன்ற எழுத்து. அதன் பக்கத்திலேயே அந்தக் கடிதம்.

"சார்... நான் கிளாஸுக்கே போவல. மூஞ்சிய பாத்தே எழுதிட்டேன்."

கடிதம் கிழிந்தது. எனக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். அந்த உத்தரவை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உண்மை பேசியதற்கு நான் வாங்கிய ஒரே சான்றிதழ் அதுதான். மேடம் இப்போது அதே துறைக்குத் தலைவர். அவரிடம் படித்தவன் என்று கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிகிறேன்.

என் மகளுக்கும் கதை தெரியும். போன வாரம் அவள் தோழியின் போட்டோவைப் பார்த்து, "திமிர் புடிச்ச பொண்ணு மாதிரி இருக்கே" என்றேன்.

"அப்பா, அட்டெண்டன்ஸ் இருக்கா?" என்றாள்.