நம்பர் சொல்லும் பெட்டி

கம்ப்யூட்டரின் தலையில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கதிரவேலு அதை எடுத்துக் குப்பையில் வீசிவிட்டுத் திரும்பினார். கீபோர்டின் மேல் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருந்தது.

"ஆர் இதை வைச்சது?"

"சாமிக்கு சார்," என்றான் ஸ்டோர் இராமசாமி. "சும்மா கேட்டா குடுக்குமா?"

சிலிபினில் இருந்த அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் ஐந்து கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு எண், இடையில் புள்ளி. ஸ்டோருக்கு 8.1.3.2, கணக்குப் பிரிவுக்கு 8.1.3.5. யாருக்கும் மனதில் நிற்கவில்லை. அதனால் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிகமாக வந்த கதிரவேலு ஆறாவதாக ஒன்றை வைத்தார். 'ஸ்டோர்' என்று பெயரைக் கொடுத்தால் அது எண்ணைச் சொல்லும். மற்றவை அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரும்.

ஒரு மின்விசிறி மாற்றவே மூன்று மாதம் யோசிப்பவர் முதலாளி லிம். எல்லோருக்கும் அவர் தவுக்கே. அவரே இதைக் கேட்ட மாத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று மாலை நேரில் பார்க்க வருகிறார். பெட்டி ஓடினால் கதிரவேலுவுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

கதிரவேலு செய்த ஒரே தப்பு, கேன்டீனில் வாயைத் திறந்தது.

"பேரைக் குடுத்தா நாலு நம்பர் குடுக்கும். அவ்வளவுதான்."

நாலு நம்பர் லாட்டரிக்காக ஆலமரத்தையும், கனவில் வந்த பாம்பையும், மோதி நசுங்கிய காரின் நம்பர் பிளேட்டையும் விடாமல் விசாரித்துவிட்ட கூட்டம் அது. அதனிடம் போய் இதைச் சொல்லலாமா?

காலையிலிருந்தே வரிசை. பேக்கிங் முத்தம்மா, செத்துப்போன புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது பெட்டி.

"இருந்தப்பவும் ஒண்ணும் குடுக்கல, செத்தும் குடுக்கல பாரு!" என்று மூக்கைச் சிந்தினாள்.

அடிக்கடி கேட்கப்பட்டதில் பெட்டி திணறியது. கணக்குப் பிரிவிலிருந்து ஸ்டோருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. கதிரவேலு ஒரு தந்திரம் செய்தார். தெரியாத பெயர் எது வந்தாலும் 8.1.3.9 என்று சொல்லும்படி மாற்றினார். எல்லோருக்கும் ஒரே எண் வந்தால் புத்தி வந்துவிடும் என்று நினைத்தார்.

முத்தம்மாவுக்கு 8139. இராமசாமியின் பாட்டனுக்கு 8139. பாய்லர் அர்ச்சுனனின் நாய்க்கும் 8139.

"டேய், சாமி அடிச்சுச் சொல்லுதுடா!" என்று கத்தினான் அர்ச்சுனன்.

பாதித் தொழிற்சாலை நம்பர் கடைக்கு ஓடியது. மீதிப் பாதி வரிசையில் நின்றது.

கதிரவேலு பதறிப்போய் எண்ணை 8.1.3.6 என்று மாற்றினார்.

"ரெண்டாம் பரிசும் வந்திருச்சு!" என்றான் இராமசாமி.

கதிரவேலு நாற்காலி மேல் ஏறினார். "விசர்க் கூட்டமே! சாமியும் இல்லை, பூதமும் இல்லை. அந்த நம்பரைப் போட்டதே நான்தான்!"

வரிசை முழுக்க அண்ணாந்து அவரைப் பார்த்தது.

"அப்ப சாமியே உங்க மேலதான் இறங்கியிருக்கா?" என்றாள் முத்தம்மா.

அவர் இறங்குவதற்குள் நெற்றியில் திருநீறு. கழுத்தில் எலுமிச்சை மாலை. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். சுருட்டுச் சாம்பல் கீபோர்டுக்குள் கொட்டியது. சரியாக அப்போதுதான் வாசலில் தவுக்கேயின் கார் வந்து நின்றது.

லிம் உள்ளே வந்தார். வரிசையைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். கதிரவேலுவின் மாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை ஒரு வீசு வீசினார். எல்லோரும் வெளியேறினார்கள். கதிரவேலுவும்தான். கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டது.

கதிரவேலு படியில் உட்கார்ந்து மாலையைக் கழற்றினார். காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் சின்னையாவிடம், "என்ரை வேலை முடிஞ்சுது," என்றார்.

"எங்க சார் முடியிறது? அன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு கார்ல ஏறுனதுமே தவுக்கே சொல்லிட்டாரு, 'சின்னையா, இனிமே நம்பர் கேக்க தைப்பிங் கோயில் வரைக்கும் போக வேணாம்லா, ஆபீஸ்லயே ஒரு சாமி வாங்கிட்டேன்'னு."