செஞோரா எனக்கு பூட்ஸ் மாட்டிவிட்ட அன்று

வேலைக்கு விண்ணப்பம் எழுதியபோது நான் சொன்ன பொய் ரொம்பச் சின்னது. 'தெரிந்த மொழிகள்' என்ற கட்டத்தில் தமிழ், ஆங்கிலம் என்று எழுதிய பிறகும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. காலியாக விட மனசு வரவில்லை. 'ஸ்பானிஷ்' என்று எழுதி நிரப்பிவிட்டேன். (ஹிந்தி என்று எழுதியிருக்கலாம். ஆனால் ஆம்பூரில் தெருவுக்குப் பத்துப் பேர் அதில் கேள்வி கேட்பார்கள். ஸ்பானிஷில் யார் கேட்கப் போகிறார்கள்?)

நான் விண்ணப்பித்தது ஒரு ஷூ கம்பெனிக்கு. அங்கே தைக்கிற ஷூ எல்லாம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஒரு நிமிடம் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

"ஸ்பானிஷ் வருமா தம்பி?" என்றார் முதலாளி. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் பாய் சார். தங்கமான மனிதர். அதனால்தான் அவரிடம் பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

"கொஞ்சம் வரும் சார்."

"கம்மியா வந்தாலும் போதும். நம்ம பெரிய பார்ட்டியே ஸ்பெயின்லதான் இருக்குது. மொதோ தேதிலேருந்து வந்துடு."

அன்று சாயந்திரமே போனில் ஸ்பானிஷ் கற்றுத்தரும் ஆப் ஒன்றை இறக்கினேன். பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை கம்பெனி பஸ்ஸில் போக வர அதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். முன் சீட்டில் என் அக்கா ஸ்டெல்லா உட்கார்ந்திருப்பாள். அதே கம்பெனியில் ஒன்பது வருஷமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை அவளுக்கு. நான் மேல்விஷாரத்தில் பி.காம் படித்ததே அவள் மெஷினில் உட்கார்ந்ததால்தான். ஆனால் நான் ஆபீஸ் ஸ்டாஃப் ஆகிவிட்டேன் அல்லவா? கழுத்தில் கார்டு தொங்கவிட்ட முதல் வாரமே அவளிடம் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தேன். (அதிகாரிகள் அப்படித்தான் பேசுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.)

வணக்கம், நன்றி, ஆப்பிள், பூனை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு 'எனக்கு', 'அதை', 'அவருக்கு' என்கிற குட்டிச் சொற்கள் வந்தன. அங்கே என் வண்டி பஞ்சர்.

'மெ' என்றால் எனக்கு. 'லோ' என்றால் அதை. இரண்டும் சேர்ந்து வந்தால் ஆள் முதலில், பொருள் பிறகு. 'மெ லோ தா' என்றால் 'எனக்கு அதைத் தருகிறார்'. (ஸ்பானிஷிலும் 'தா'தான். இதைக் கண்டுபிடித்த அன்று ஸ்பெயினே நம்முடையது என்று பஸ்ஸில் அறிவித்தேன்.) ஆனால் 'கொடுங்கள்' என்று கேட்டால் அந்த இரண்டு குட்டிச் சொற்களும் பின்னால் ஓடிவந்து வினையோடு ஒட்டிக்கொள்கின்றன: 'தேமெலோ'. 'கொடுக்காதீர்கள்' என்றாலோ மறுபடி முன்னால் ஓடிவிடுகின்றன: 'நோ மெ லோ தே'.

"இது இன்னா பேஜாரா கீது? ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதே!" என்று நான் புலம்பினேன்.

அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "செய்யின்னா பின்னாடி ஒட்டிக்குது. செய்யாதேன்னா முன்னாடி வந்து மறிக்குது. அவ்ளோதானடா?"

"உனக்கு இன்னா தெரியும்? நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். நீதான் ஹெட்செட் இல்லாம ஊருக்கே போட்டுக் காட்றே."

அதைவிடப் பெரிய தொல்லை 'சே'. அவருக்கு, அவளுக்கு, உங்களுக்கு, அவர்களுக்கு, தனக்குத்தானே என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'சே'. யாருக்கு என்று குழப்பம் வந்தால் கடைசியில் 'ஆ எல்' என்று சேர்த்தால் 'அவருக்கு', 'ஆ எய்யா' என்றால் 'அவளுக்கு' என்று ஆப் ஒரு தனிப் பாடமே வைத்திருந்தது. நான் அதைத் தாண்டிப் போனேன். எனக்கு அன்றைக்கு மிருகங்களின் பெயர்கள் அவசரமாகத் தேவைப்பட்டன.

நாலு மாசம் இப்படிப் போயிற்று. அதற்குள் கம்பெனியில் நிலைமை மோசமாகிவிட்டது. ஆர்டர் இல்லாமல் இரண்டாவது லைன் நின்றுபோனது. அதில் இருந்தவர்களில் பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அக்கா கை சுத்தமான தையல்காரி என்பதால் சாம்பிள் ரூமில் போட்டிருந்தார்கள். ஸ்பெயினிலிருந்து செஞோரா பிலார் வருகிறார், அவர் ஒரு லேடீஸ் பூட்ஸைச் சரி என்று சொன்னால் லைன் ஓடும், இல்லையென்றால் அடுத்த மாதம் எல்லோருக்குமே சந்தேகம்தான் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். 'செஞோரா' என்றால் அம்மா, மேடம் மாதிரி மரியாதைச் சொல். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அவரோடு இங்கிலீஷ் பேசுகிற ஏஜென்ட் ஒருவர் வந்திருந்தார். முதல் நாளே அவருக்கு பிரியாணி பரிமாறினோம். அவர் கத்திரிக்காய் பச்சடியைத் தனி உணவு என்று நினைத்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். அன்று சாயந்திரத்திலிருந்து வேலூர் லாட்ஜ் ரூமைவிட்டு அவரால் வெளியே வரவே முடியவில்லை.

பாய் சார் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உன்ன நம்பித்தான் கீறேன். நீயே பேசிடு."

அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பாத்துக்கறேன் சார்" என்றேன்.

செஞோரா பிலாருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை முடி, இறுக்கமான வாய், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. பூட்ஸைத் தன் கால் அளவிலேயே, முப்பத்தெட்டில், செய்யச் சொல்லியிருந்தார். அவரே போட்டு நடந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார் என்பது கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம். ஆகவே எனக்கு இருந்த வேலை ஒரே ஒரு வாக்கியம்: 'செஞோரா, போட்டுக்கோங்க.'

முதல் நாள் ராத்திரியே ஆப்பில் பார்த்து வைத்திருந்தேன். 'போங்கசெலோஸ்.' போங்க என்றால் போடுங்கள், 'சே' என்றால் தனக்கு, 'லோஸ்' என்றால் அவற்றை. ஜோடி அல்லவா, அதனால் 'லோ' இல்லை, 'லோஸ்'. கட்டளை, ஆகவே எல்லாம் பின்னால். பல் தேய்க்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் காலை சாம்பிள் ரூமில் பாய் சார், மேனேஜர், இன்னும் நாலைந்து பேர் வரிசையாக நின்றார்கள். நான் கறுப்பு பூட்ஸ் ஜோடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய், குனிந்து, கணீரென்று சொன்னேன்:

"செஞோரா, போங்கமெலோஸ்!"

'சே' போய் 'மெ' வந்துவிட்டது. ஒரே ஒரு எழுத்து. 'நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்' என்பது 'எனக்குப் போட்டுவிடுங்கள்' ஆகிவிட்டது.

அதைவிட மோசம், பாய் சார் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "டேய், ஆர்டர் குடுக்க வந்தவங்களப் போயி 'போங்க'ன்றே!"

"அது ஸ்பானிஷ் போங்க சார்."

செஞோரா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். "ஆ உஸ்தேத்?" என்று கேட்டார். 'உங்களுக்கா?' என்று அர்த்தம். அந்த அம்மாள் தெளிவாக, மெதுவாக, எனக்குத் தப்பிக்க ஒரு கதவையே திறந்து வைத்தார். எனக்குப் புரியவில்லை. புரியாதபோது நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். பெரிய சிரிப்போடு "சீ, சீ!" என்றேன். 'சீ' என்றால் ஆமாம். (பாய் சாருக்கு இதுவும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.)

செஞோரா ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, என் முன்னால் மண்டியிட்டார்.



அவர் அப்பாவுக்குச் சின்ன செருப்புக் கடை இருந்ததாம். பதினைந்து வயதிலிருந்து வருகிறவர்கள் காலடியில் மண்டியிட்டுத்தான் தொழில் கற்றாராம். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கம்பெனிக்கே சோறு போடுகிற அம்மாள் என் ஷூ லேஸை அவிழ்க்கிறார் என்பதுதான். எழுந்திருக்கப் பார்த்தேன். முழங்காலில் ஒரு தட்டு தட்டி உட்கார வைத்தார். ஷூ வந்தது. என் சாக்ஸ் வெளிப்பட்டது. அதன் ஓட்டை வழியாக என் கட்டைவிரல் எல்லோரையும் எட்டிப் பார்த்தது.

என் கால் நாற்பது, பூட்ஸ் முப்பத்தெட்டு. அதையெல்லாம் அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பையிலிருந்து ஷூ மாட்டுகிற இரும்புக் கரண்டியை எடுத்தார், குதிகாலில் வைத்து ஒரு தள்ளு. எனக்குப் பள்ளிகொண்டா டோல்கேட் வரை தெரிந்தது. ஜிப்பை இழுத்து மூடினார். ஒரு காலோடு விட்டிருக்கலாம். நான்தான் 'லோஸ்' என்று பன்மையில் கேட்டிருந்தேனே. இலக்கணப்படி இரண்டாவதையும் மாட்டினார்.

வலியில் எனக்குப் புத்தி வந்தது. 'மெ' சொன்னதால்தானே இந்த வினை? சரி, இனிமேல் செத்தாலும் 'மெ' சொல்லக் கூடாது, 'சே'தான் என்று முடிவெடுத்தேன். கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு வார்த்தை தெரியும். முழு பலத்தோடு கத்தினேன்:

"கீத்தெசெலோஸ்!"

'என் காலிலிருந்து கழற்றுங்கள்' என்று சொல்ல இந்த ஒரு இடத்தில்தான் 'மெ' வேண்டும்: கீத்தெமெலோஸ். நான் சொன்னதற்கு, 'நீங்கள் உங்களுடையதைக் கழற்றுங்கள்' என்று அர்த்தம்.

செஞோரா ஒரு கணம் யோசித்தார். முதல் நாள் வேலூரில் கோயில் பார்த்தபோது வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள் போல. 'ஓ, அதுதானா' என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுத் தன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்து, வெறுங்காலோடு பயபக்தியாக நின்றார்.

விருந்தாளி கழற்றிவிட்டாரே என்று பாய் சாரும் கழற்றினார். முதலாளி கழற்றிய பிறகு மேனேஜர் கழற்றாமல் இருப்பாரா? ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் கழற்றிவிட்டார்கள். ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் அந்த நேரம் காலில் ஏதாவது போட்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். அதுவும் ஹீல்ஸ் வைத்த லேடீஸ் பூட்ஸ்.

"நோ கீத்தெசெலோஸ்! நோ, நோ!" என்றேன். ('வேண்டாம்' என்றால் குட்டிச் சொற்கள் முன்னால் வர வேண்டும் என்பதும் மறந்துபோயிற்று.) செஞோரா மறுபடி ஷூவை மாட்ட ஆரம்பித்தார். பாய் சாரும் மாட்ட ஆரம்பித்தார்.

"ஜிப் சிக்கிக்கிச்சு சார், கால் செத்துப்போச்சு" என்று நான் தமிழில் அழுதேன்.

"யார்னா கட்டிங் ப்ளேயர் எடுத்தாங்கப்பா!" என்று மேனேஜர் கத்தினார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தைத்துக்கொண்டிருந்த அக்காதான் ப்ளேயரோடு வந்தாள். ஸ்டூலில் ஹீல்ஸ் போட்டு உட்கார்ந்திருக்கிற தம்பியைப் பார்த்தாள். ஒரு காலில் ஷூவும் ஒரு கால் வெறுமையுமாக நிற்கிற முதலாளியைப் பார்த்தாள்.

"இன்னாடா சொல்லித் தொலச்சே?"

சொன்னேன். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ப்ளேயரை மேஜையில் வைத்தாள். செஞோராவின் பக்கம் திரும்பி, நேராக என்னை நோக்கி விரலை நீட்டி, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"செஞோரா. கீத்தெசெலோஸ்... ஆ எல்."

அவருடையதைக் கழற்றுங்கள். இவருடையதை. இந்த மடையனுடையதை.

"ஆ... எல்!" என்று செஞோரா கூவினார். நடந்தது முழுக்க அந்த நொடியில்தான் அவருக்குப் புரிந்தது. அந்த இறுக்கமான வாயைத் திறந்து சிரிக்க ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். நான் தாண்டிப்போன பாடத்தை அக்கா பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். (அந்தப் பாடத்தை ஒரு நொடி திறந்து மூடினேன். அவளுக்கு அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்திருக்கிறது.)

அக்கா என் தோளைப் பிடித்துக்கொள்ள, செஞோரா காலைப் பிடித்து இழுத்தார். முதல் பூட்ஸ் வந்தது. இரண்டாவதில் ஜிப் அறுந்தது. ஒப்புதலுக்கு வைத்திருந்தது அந்த ஒரே ஜோடிதான்.

செஞோரா சிரிப்பை நிறுத்தினார். பூட்ஸை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலை நகத்தால் கீறினார், இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். நாற்பது நம்பர் கால் உள்ளே புகுந்து, இரண்டு பேர் இழுத்தும், ஒரு நூல்கூட விட்டிருக்கவில்லை. தைப்பது போலக் கையால் சைகை காட்டி, யார் என்று கேட்டார்.

அக்கா தன் நெஞ்சைத் தொட்டு, "யோ" என்றாள். நான்.

ஆர்டர் வந்தது. ஜிப்பை மட்டும் மாற்றச் சொன்னார். அடுத்த வாரம் இரண்டாவது லைன் ஓடியது, வீட்டில் இருந்தவர்கள் பஸ்ஸில் திரும்ப வந்தார்கள். ஏஜென்ட் தேறி வந்த பிறகு செஞோராவின் இன்னொரு நிபந்தனையையும் சொன்னார். இனி அவர் வரும்போது பக்கத்தில் நின்று பேச வேண்டியது அந்தப் பெண். பையன் பெட்டி தூக்கட்டும். ஆறு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். அக்கா இப்போது சாம்பிள் ரூம் சூப்பர்வைசர். என்னிடம் அவள் தாழ்ந்த குரலில் பேசுவதில்லை; சத்தமாகவே திட்டுகிறாள்.

வீட்டில் அன்றையிலிருந்து நான் எந்த வாக்கியம் சொன்னாலும் ஒரே கேள்விதான். "காப்பி போடும்மா" என்றால் அம்மா, "யாருக்கு?" "சட்டைய அயர்ன் பண்ணணும்" என்றால் அப்பா, "யாருக்கு?" எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அக்கா முழுக் கதையையும் நடித்தே காட்டினாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் காராபூந்தித் தட்டு கவிழ்ந்தது. சம்பந்தம் அன்றைக்கே முடிவாயிற்று.

போன வருஷம் சர்ச்சில் கல்யாணம். நான் மோதிரத்தை எடுத்துக்கொண்டு தயாராக நின்றேன். போதகர் புத்தகத்தைப் பார்த்து, கம்பீரமான குரலில், "இப்போது மோதிரத்தை அணிவிக்கலாம்" என்றார்.

முன் பெஞ்சு மொத்தமும் ஒரே குரலில் கேட்டது: "யாருக்கு?"

போதகர் ரொம்ப நல்லவர். ஒரு பக்கம் பின்னால் திருப்பி, விரல் வைத்துப் படித்துச் சரிபார்த்துவிட்டு, "மணமகளுக்கு" என்றார்.