வாசலைத் தாண்டாத நாற்காலி

சோபாவை இறக்கும்போது அதன் கால் மரப்படியில் உரசுகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஆகஸ்ட் பிறந்துவிட்டது என்று வடகடலில் கிடக்கும் எங்கள் வெஸ்ட்மன் தீவுக்கு அறிவிப்பது அதுதான். திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கில் ஆளாளுக்கு வெள்ளைக் கூடாரம் அடிப்போம். வெறும் கூடாரமாக இருந்தால் மானம் போய்விடும். சோபா, மேசை, திரைச்சீலை, சுவர்ப்படம் என்று வீட்டின் கூடமே அதற்குள் குடியேற வேண்டும்.

அந்த வருடம் என் கணவர் ஹால்வர் பிரகடனம் செய்தார்.

“என் நாற்காலி வாசலைத் தாண்டாது. நானும் தாண்ட மாட்டேன்.”

“ஏனாம்?”

“மழை.”

“இந்தத் தீவுல மழை பெய்யாத திருவிழா எது?”

“அதான் சொல்றேன். கூரை இருக்கிற வீட்டை விட்டுட்டு, அதே சாமானைத் தூக்கிட்டுப் போய்த் துணிக்குக் கீழ உக்காரணுமா?”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் என் தங்கையும்தான் அத்தனையையும் சுமந்தோம். அவர் காலடிக் கம்பளத்தை உருவியபோது காலை மட்டும் தூக்கிக் கொடுத்தார். அவர் செய்த உதவி அவ்வளவுதான்.

கல்யாணமானதிலிருந்து ஒரு திருவிழாவிலும் நான் தனியாக உட்கார்ந்ததில்லை. புகைபோட்ட பஃபின் என்கிற கடற்பறவையின் கறி தின்ன வருகிறவர்கள் எல்லோரும் அவர் எங்கே என்று கேட்பார்கள். நாற்காலியோடு குடித்தனம் நடத்துகிறார் என்றா சொல்வது?

பக்கத்து வீட்டு ஸ்டெயின்தோர் தன் நாற்காலியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், நல்ல குரல், நல்ல தலைமுடி. மூன்றுமே ஹால்வருக்குப் பிடிக்காது. எங்கள் ஜன்னல் ஓரமாகப் போகும்படி மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

ஹால்வர் ஜன்னலைத் திறந்தாராம்.

“நாற்காலியோட எங்கடா?”

“கூடாரத்துக்கு. உன் வீட்டுக்காரிதான் இப்படிப் போகச் சொன்னா. அவ பக்கத்துல இடம் காலியாமே?”

நான் கூடாரத்தில் கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். கொட்டும் மழையில், நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, நாலு கொம்பு முளைத்த கடாவைப் போல ஹால்வர் பள்ளத்தாக்கில் ஓடி வந்தார். கூடாரத்துக்குக் கூடாரம் கைதட்டினார்கள்.

“அவன் எங்க?”

“யாரு?”

“ஸ்டெயின்தோர்.”

“அவரோட கூடாரத்துல இருப்பார். வேற எங்க?”

சொட்டச் சொட்ட நாற்காலியை என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அது நனைந்த பஞ்சாய்ச் சளக்கென்றது.

“கறியை இப்படி நகர்த்து” என்றார்.

மலைச்சரிவில் ஊரே பாடியபோது அவருடைய ஈரக் கை என் கைமேல்தான் இருந்தது. ஆனாலும் கம்பள விஷயத்தை நான் மன்னிக்கவில்லை.

ஹால்வர் காலமான பிறகு ஸ்டெயின்தோரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவருக்கு முட்டிவலி. இப்போது இரண்டு நாற்காலிகளையும் நான்தான் தூக்குகிறேன்.